புறஞ்சேரி

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கு ஊர்காண் காதை என்று பெயர். இளங்கலை மாணவிகளுக்கு அதைப் பல வருடங்களாக நடத்திக்கொண்டிருக்கிறேன். கோவலன் காலையில் கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டு அகழியைக் கடந்து மதுரைக்குள் போகிறான். கணிகையர் வீதி, மணிக்கடை வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறான். பார்த்துவிட்டுப் புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். போன வருடம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அவன் ஊரைப் பாத்துட்டு வந்துட்டான். கண்ணகி எப்ப மேடம் ஊரைப் பாக்குறா?”

ஊர்சூழ் வரியில் என்று சொன்னேன். கணவன் கொலைப்பட்ட பிறகு, கையில் ஒரு சிலம்போடு, ஊரே கூடிப் பார்க்க அவள் மதுரையின் தெருக்களில் நடக்கிறாள். இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா என்றுகூடக் கேட்கிறாள். மாணவி அதைக் குறித்துக்கொண்டாள். தேர்வுக்கு வராத கேள்வி என்பதால் மற்றவர்கள் பேனாவை எடுக்கவில்லை.

கண்ணகிக்கு நடக்க வராது என்று யாரும் சொல்ல முடியாது. புகாரிலிருந்து மதுரை வரை ஆற்றங்கரையிலும் காட்டு வழியிலும் நடந்தே வந்தவள். ஊர் எல்லைக்கு வந்ததும்தான் அவளை ஓரிடத்தில் உட்கார வைக்கிறார்கள். அந்த இடத்தை இளங்கோ நல்லவிதமாகவே சொல்கிறார்: வயலும் பொழிலும் சூழ்ந்தது, பறவைகள் உண்டு, அறவோர் அல்லாத வேறு யாரும் அங்கே தங்குவதில்லை. அழகர்கோவில் சாலையில் ஒட்டியிருக்கும் வீட்டுமனை விளம்பரங்களில் இதைவிட அதிகமாக எதுவும் இருக்காது.

அந்தச் சாலையில், கடச்சனேந்தலைத் தாண்டி, பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். கடைச்சிலம்பு ஏந்தல்தான் மருவிக் கடச்சனேந்தல் ஆயிற்று, கண்ணகி தங்கிய ஊர் இதுதான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. நூலின்படி அவர்கள் வையையைப் புணையில் கடந்து தென்கரை சேர்ந்த பிறகுதான் புறஞ்சேரி வருகிறது. கடச்சனேந்தலோ ஆற்றுக்கு வடக்கே. தமிழ் படித்தவள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது நான் திருத்துவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஏழு குடித்தனம் உள்ள வளவில், 46 வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். வளவை விற்றாகிவிட்டது. இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார்கள். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு என்று இருந்தவை இப்படித்தான் ஒவ்வொன்றாக லாட்ஜாகவும் குடோனாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. அம்மா காலி செய்தாக வேண்டும். திருப்பூரில் இருக்கும் தம்பியும் என் கணவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்: “இவ்வளவு பெரிய வீடு இருக்கு, காத்தோட்டமா இருக்கு, அமைதியா இருக்கு. இங்க வந்துர வேண்டியதுதான்.” அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அமைதி இருக்கிறது, உண்மைதான். 2013இல் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் வரிசையில் மூன்றே வீடுகள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தவளைச் சத்தமும் தூரத்தில் லாரி போகிற சத்தமும்தான். வளவில் ஒரே அறையில், தம்பி வானொலி கேட்க, அடுத்த வீட்டில் குழந்தை அழ, நடுவில் உட்கார்ந்து பாடம் படித்தவளுக்கு அந்த இரவுகள் பெரிய கொடை. மாடியில் ஜன்னல் வைத்த ஓர் அறை எனக்கென்று கிடைத்தது. என்னுடைய மூன்றாவது தொகுப்பின் கவிதைகள் எல்லாம் அந்த ஜன்னலுக்கு முன்னால் எழுதியவை. புறநகரைப் பழிக்கும் எந்தக் கட்டுரையையும் படிக்கும்போது, இதை எழுதியவருக்கு நகரத்துக்குள் தனியறை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்று எழுதியதை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு இரண்டு வருடம் முன்பே, ஒரு பென்சில் வாங்கப் போவதாகச் சாக்கு வைத்துக்கொண்டு சாயங்கால லண்டனில் கால்போன போக்கில் சுற்றியதைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் வரிசையில் பென்சில் வாங்க ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும், நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக.

பென்சில் பரவாயில்லை. கறிவேப்பிலை, பிளவுசுக்கு ஊக்கு, நகல் எடுக்க, ரீசார்ஜ் செய்ய, மாவு அரைக்க, காய்ச்சல் மாத்திரை வாங்க, எல்லாவற்றுக்கும் வண்டி. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், அதனால் எனக்குச் சிரமம் குறைவு. எங்கள் வரிசையில் இப்போது பதினோரு வீடுகள். அதில் வண்டி ஓட்டத் தெரிந்த பெண்கள் நான்கு பேர். மற்றவர்கள் காலையில் கணவர் கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சாயங்காலம் சீட்டில் இருந்ததில் பாதி வருகிறது. வராத பாதியைப் பற்றிக் கேட்டால் வீட்டில் சத்தம் வருகிறது. புறநகரின் அமைதிக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்கள் சாயங்காலம் வந்து அனுபவிப்பதற்காகப் பகலெல்லாம் பெண்கள் அதைத் துடைத்து வைக்கிறார்கள். பகலில் அதற்குப் பெயர் வெறிச்சோடல்.

அந்த வீடுகளில் வேலை செய்ய வரும் பெண்களுக்கு வேறு கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்கள் இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டுச் சொன்னது. எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா அந்தக் காசில் மகளுக்கு டியூஷன் வைத்திருக்கிறார். அந்தப் பேருந்தை ‘ஓசி பஸ்’ என்று சொல்லிச் சிரித்தவர்களில் பலர் எங்கள் மாதிரி மனைப்பிரிவுகளில் இருப்பவர்கள். அந்தப் பேருந்து ஒருநாள் வராவிட்டால் தங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் வராது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நிறுத்தத்திலிருந்து எங்கள் வரிசை வரை அந்த அக்கா நடந்துதான் வருகிறார். புறநகரில் நடப்பவர்கள் யார் என்று பார்த்தால் அதன் இலக்கணம் புரிந்துவிடும். அதிகாலையில் விலை உயர்ந்த காலணி போட்டுக்கொண்டு உடம்புக்காக நடப்பவர்கள் ஒரு வகை. பிழைப்புக்காக நடப்பவர்கள் இன்னொரு வகை. போகிற இடத்துக்காக நடப்பவர் இவர்கள் இரண்டாவது வகையில் மட்டும்தான்.

அம்மாவின் நடை இதில் எதிலும் அடங்காது. அப்பா 1988இல் இறந்தபோது அவளுக்கு 36 வயது. எனக்கு எட்டு, தம்பிக்கு ஐந்து. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் சேலைகளை வாங்கி வந்து ஃபால்ஸ் தைப்பது, ஓரம் அடிப்பது, முந்திக்குக் குஞ்சம் கட்டுவது என்று தொடங்கினாள். ஒரு சேலைக்கு இரண்டு ரூபாய் கிடைத்த காலம். கடைக்கும் வீட்டுக்கும் நானூறு அடிகூட இருக்காது. அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போய்ச் சேலை மூட்டையை வாங்கி வந்துவிடுவாள். தம்பி தூங்கி எழுவதற்குள் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அந்த வேலை பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் பஸ் கட்டணத்துக்கே இரண்டு ரூபாய் போயிருக்கும், பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டியிருந்திருக்கும். நான் படித்தது, முனைவர் பட்டம் வாங்கியது, இன்று இந்தக் கட்டுரையை எழுதுவது எல்லாம் அந்த நானூறு அடிக்குள் தைத்து எடுக்கப்பட்டவை.

இப்படிச் சொன்னதும் நடந்து போகக்கூடிய நகரத்துக்கு நான் கோவில் கட்டப்போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா இறந்த முதல் வருடம் அம்மா மாசி வீதி வழியாகக் கடைக்குப் போகவில்லை. சந்துக்குள் சந்தாகச் சுற்றி, சாக்கடை ஓடும் பின்பக்க வழியாக, விடியுமுன் போய் வந்தாள். அதுதான் வெளிச்சம் வருவதற்குள் முடிகிற வழி. காலையில் கடை திறக்கிறவர்கள் எதிரே அறுத்தவள் வந்தால் அன்றைக்குப் போணி ஆகாது என்று நினைத்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்ததும் கடைக்குள் போய், செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளியே வந்தார். அம்மா இதை ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. தெரு பக்கத்தில் இருப்பதாலேயே அது உன்னுடையதாகிவிடாது. அவள் அந்தத் தெருவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப எடுத்துக்கொண்டாள். எப்படி என்று கேட்டேன். “மூட்டை இருந்துச்சுல்ல. கையில மூட்டையோட போனா ஒரு பயலும் ஒண்ணும் கேக்க மாட்டான்” என்றாள்.

இந்த மூட்டையைப் பற்றி மும்பையில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல். பொது இடத்தில் இருக்கும் பெண் தான் ஏதோ வேலையாக வந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, வேலையின்றித் திரிகிற உரிமைதான் அவளுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். படித்தபோது அம்மாவின் மூட்டைதான் ஞாபகம் வந்தது. மதுரைப் பெண்களுக்கு அதைவிட நல்ல சாக்கு ஒன்று உண்டு: “கோவிலுக்குப் போய்ட்டு வர்றேன்.” சித்திரை வீதிகள் நான்கிலும் இப்போது வண்டிகள் போவதில்லை. சாயங்காலம் கல் பாவிய தரையில், கோபுரத்தைப் பார்த்தபடி, பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கடலை கொறிக்கிறார்கள். மருமகளைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசுகிறார்கள். உள்ளே போய் மீனாட்சியைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று மீனாட்சிக்குத்தான் தெரியும்.

சங்க இலக்கியத்திலும் தெருவில் நடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரிவாகச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் நரைத்த கூந்தலோடு பொருள்களை ஏந்தி வீடுவீடாகத் திரிந்து விற்கும் முதுபெண்டிர் வருகிறார்கள். பரத்தையர் வருகிறார்கள். வயதானவள், உழைப்பவள், குடும்பத்துக்கு வெளியே இருப்பவள், இவர்களுக்குத் தெரு உண்டு. இல்லக்கிழத்திக்கு இல்லம். காதல் விஷயம் ஊர் வாய்க்கு வந்து அலர் ஆகிவிட்டால் தாய் மகளை வீட்டுக்குள் அடைப்பாள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். வகுப்பில் இரண்டையும் துறை என்று தனித்தனியாக நடத்துகிறோம். வாழ்க்கையில் ஒன்றின் வால் மற்றதன் வாயில் இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதில் சிம்மக்கல்லில் பழைய புத்தகக் கடைக்குப் போய் வந்தால், நான் வீடு திரும்புவதற்குள் அந்தச் செய்தி வளவுக்கு வந்து சேர்ந்திருக்கும். யாரோடு பேசினேன், எவ்வளவு நேரம் நின்றேன் எல்லாம். தாவணி சரியாக இல்லை என்று மாவு மில்காரர் அம்மாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தக் கண்கள்தான் தம்பி தொலைந்துபோன திருவிழா நாளில் அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தும் விட்டன. இரண்டும் ஒரே கண்கள். நடந்து போகக்கூடிய ஊரைப் புகழ்கிறவர்கள் தெருவில் கண்கள் இருப்பது பெண்களுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். பாதுகாப்புதான். அந்தக் கண்களுக்குக் கீழே வளர்ந்த பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

என் மகள் பிறந்தபோதே இவர் சொல்லத் தொடங்கிவிட்டார்: “பொம்பளப் பிள்ள. சந்துக்குள்ள வெச்சு வளர்க்க முடியாது.” நாங்கள் வெளியே வந்ததற்குக் கடன் வசதி, நிலத்தின் விலை என்று பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒன்று. அவளுக்கு இப்போது பதினாறு. அலர் இல்லாமல் வளர்ந்திருக்கிறாள். மேல்நிலை முதலாண்டு படிக்கிறாள், வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் செய்கிறாள். அப்பா வருகிற வரை நிற்கிறாள். எங்கே போவதானாலும், எப்போது திரும்புவதானாலும் அது இன்னொருவரின் வண்டியைப் பொறுத்தது. யாரும் அவளை அடைக்கவில்லை. ஊர் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கல்லூரியில் ஒரு தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் தமிழ்தான் நடத்துகிறாள். எங்களைப் போலவே புறநகரில் மனை வாங்கி வீடு கட்டியவள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “எங்க ஆளுகளை ஊருக்கு வெளிய வெச்சாங்க. இப்ப நீங்க காசு குடுத்து வெளிய வந்துட்டு, ஊரு தூரமா இருக்குன்னு கட்டுரை எழுதுறீங்களா?” சேரி என்ற சொல் பழைய நூல்களில் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளில்தான் வருகிறது, அது எப்போது, எப்படி ஊருக்கு வெளியே இருப்பதன் பெயராயிற்று என்பதை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி வீதிகளுக்குள் வீடு தேடி மூன்று மாதம் அலைந்தவள் அவள். “சுத்த சைவமா?” என்று கேட்டவர்கள், ஊர்ப் பெயர் கேட்டுத் தெருப் பெயர் கேட்டுக் கடைசியில் “சொல்லி அனுப்புறோம்” என்றவர்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தவர்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைவதற்கே 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. வைத்தியநாத ஐயர் அன்று அவர்களை அழைத்துப் போனார். கோவில் திறந்தது, சந்துகள் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மனைப்பிரிவில் பத்திரப்பதிவு அலுவலகத்தைத் தவிர யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. “எனக்கு அந்த அமைதி பிடிச்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாம இருக்குறது எவ்வளவு நிம்மதி தெரியுமா?” என்றாள். நகரமா புறநகரமா என்று நான் போட்ட தராசில் அவள் தட்டு வேறு. அதை என்னுடையதோடு சேர்த்து நிறுக்க எனக்கு உரிமை இல்லை.

அம்மாவின் தட்டு எங்கே என்பதுதான் கேள்வி. போன ஆவணியில் கண்புரை அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்து கோலம் போட்டுவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். சந்தில் அந்த நேரத்தில் பால்காரர், பூக்காரி, ஆடி வீதிக்குச் சுற்றப் போகிற வடக்கு வீட்டு அம்மாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். இங்கே ஒரு நாய் வந்தது. அவளும் அதைப் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்தது.

சர்க்கரை கொஞ்சம் ஏறியது. மருத்துவர் நடக்கச் சொன்னார். அம்மாவுக்கு ஆச்சரியம். தினமும் மல்லி வாங்கக் கீழமாசி வீதி, காய் வாங்க இன்னொரு பக்கம், துணி கொடுக்க, வாங்க, கோவில், துக்க வீடு, விசேஷ வீடு என்று மூன்று நாலு கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தவள் அதை நடை என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இவர் அக்கறையாகத்தான் சொன்னார்: “மொட்டை மாடியில எட்டுப் போட்டு நடங்க அத்தை. இப்ப எல்லாரும் அப்படித்தான் நடக்குறாங்க.” சுண்ணாம்புக் கட்டியால் மாடித் தரையில் பெரிய எட்டு ஒன்றும் வரைந்து கொடுத்தார். அம்மா மூன்று நாள் அதன்மேல் நடந்தாள். நான்காம் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “எட்டுப் போட்டு நடந்தா எந்த ஊரு வரும்னு மாப்பிள்ளைட்ட கேளேன்.”

இது சிரிக்கத் தக்கதுதான். சிரித்தோம். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். “கடை வரைக்கும் போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டாள். போய்விட்டு வா என்று நான் சொல்லியிருப்பேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போவது ஞாபகம் வந்தது, கண்ணில் இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். “இரும்மா, சாயங்காலம் நான் வண்டில கூட்டிட்டுப் போறேன்” என்றேன். “சரி” என்று போய்விட்டாள். 36 வயதிலிருந்து யாரிடமும் அனுமதி கேட்காதவள், நான் பெற்ற வீட்டில், என்னிடம் கேட்டாள். என்னிடமிருந்து வந்த பதில் ஒரு நல்ல கணவன் சொல்கிற பதில்.

நகரத்துக்குள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மாசி வீதியில் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் சரக்கு இறங்கிக் கிடக்கும். இருசக்கர வண்டிகள் எந்தப் பக்கமிருந்தும் வரும். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் விளக்குத்தூண் பக்கம் தலை காட்ட முடியாது. பெண்கள் ஒதுங்க இடம் தேடுவது தனிப் பாடு. சேலை பார்க்கிற சாக்கில் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்விட்டு வருவது எங்கள் ஊரில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் அறிவு. வெயில், புகை, வெடிச்சத்தம். என் ஜன்னலும் எழுத்தறையும் அங்கே கிடைக்காது.

இதையெல்லாம் எழுதி வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். அம்மா இங்கே வரவில்லை. வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வீடு பார்க்கலாம். வார நாட்களில் நானும் மகளும் அங்கே இருக்கிறோம். அவளுக்குப் பள்ளியும் எனக்குக் கல்லூரிப் பேருந்தும் நடக்கிற தூரம். சனி, ஞாயிறு புறநகர் வீட்டுக்கு வருகிறோம். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “அப்ப நான்?” என்றார். நீங்களும் வாங்க என்றேன். அங்கே கார் நிறுத்த இடம் இருக்காதே என்றார். இல்லைதான் என்றேன். மகள் இடையில் புகுந்து, “அப்பா, நீங்க பஸ்ல வாங்க, உங்களுக்குத்தான் டிக்கெட்டு” என்றாள்.

அலர் என்பது நகரத்துச் சந்துகளில் மட்டும் இருப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் மனைப்பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரம் தவிர வேறு எதுவும் பேசாத பெண்கள், தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்: “உங்களுக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” தம்பி திருப்பூரிலிருந்து போன் செய்து, ஊர் என்ன சொல்லும் என்றான். எந்த ஊரைச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு அவனிடம் உடனே பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் பார்த்தோம். முதல் மாடி. இரண்டு அறை, ஒரு சின்ன அடுப்படி. படி செங்குத்து, எண்ணினேன், பதினேழு. அம்மாவின் முழங்காலுக்கு அது நல்லதல்ல. தெருப் பக்க அறையில் ஒரு மேசை போடலாம், ஆனால் கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. வீட்டுக்காரம்மா என்ன ஆளுக என்று நேரடியாகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டார். நாங்கள் கறி சமைப்போம் என்று முதலிலேயே சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டார். சனிக்கிழமை நாங்கள் அங்கே போவோம் என்றேன். ராத்திரி பத்து மணிக்குக் கீழ்க் கதவைப் பூட்டிவிடுவோம் என்றார். சாவி ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று மகள் சொன்னாள். வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். முன்பணம் ஐம்பதாயிரம் என்றார்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, கீழே நிற்கிறாள் என்றாள். பதினேழு படியையும் எப்போது இறங்கினாளோ தெரியவில்லை. பாத்திரக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மாவு மில் எந்தப் பக்கம், முடுக்கு வழியாகப் போனால் கோவில் எவ்வளவு தூரம், இந்த வீட்டுக்கு இதற்கு முன் இருந்தவர்கள் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு மேலே வந்தாள். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வீட்டுக்காரம்மாவிடம், “முப்பத்தஞ்சுன்னு பேசி முடிச்சுக்கலாம், தாயி” என்றாள்.